வேங்கடத்து நீர்வழி

கயிலைக்கும் மானசரோவருக்கும் செல்லும் யாத்திரிகர்கள் முதலில் வந்து கூடும் ஊர் புது தில்லி. எல்லைப் பூசலால் பல்லாண்டுகள் அடைபட்டிருந்த அந்த வழியை நமது வெளியுறவு அமைச்சகம் 1981ஆம் ஆண்டில் மீண்டும் திறந்துவைத்தது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் தடைப்பட்ட யாத்திரை 2025ஆம் ஆண்டில் மறுபடியும் தொடங்கிற்று. தலைநகரில் மருத்துவப் பரிசோதனை முடிந்தபின், அரசு அதிகாரி ஒருவர் துணைவர, யாத்திரிகர்கள் குழுகுழுவாகப் புறப்படுகின்றனர். ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் இருக்கும் ஓர் ஏரியைக் காண்பதற்காக மலைமேல் பல நாள் செல்கின்றனர். 1998ஆம் ஆண்டில் மால்பா என்னுமிடத்தில் மலை சரிந்து யாத்திரிகர் பலர் மாண்டனர். ஆயினும் யாத்திரை அத்துடன் நின்றுவிடவில்லை. அண்டை நாடாகிய நேபாளத்திலும் ஆவணிப் பௌர்ணமியையொட்டி மக்கள் திரள்திரளாக 14,000 அடிக்கு மேல் ஏறிக் கோசாயின்குண்டம் என்னும் ஏரியில் நீராடுகின்றனர்.

இச்செய்திகளைப் பற்றி அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது வடநாட்டு நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார்: “உங்கள் தென்னாட்டில் கோயிலைத் தேடி மலையேறுவீர்கள், அதை அறிவோம். தண்ணீரைத் தேடி மலையேறும் வழக்கம் உண்டா?” உண்டு என்று உடனே கூறினோம். ஆனால் அதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கியபோதுதான், நாமே அதைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம் என்பது புலனாயிற்று. அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை, வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்திற்கு அருகில் குடுபல்லி என்றோர் ஊர் இருக்கிறது. 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜோலார்ப்பேட்டை – பெங்களூர் இருப்புப்பாதை அவ்வழியே செல்கிறது. ஆந்திரமும் தமிழகமும் கருநாடகமும் கூடும் முனை அது. அங்குள்ள சந்தையில் மும்மொழியும் ஒருங்கே ஒலிக்கும். 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன்னர் அப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. எம் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் அது. அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்தபோது, அதாவது 1930களில், தம் தந்தையாருடன் குடுபல்லியிலிருந்து திருமலைக்கு நடந்தே சென்றார். இரயில் இருந்தது, எனினும் நேர்த்திக்கடன் காலால் தீர்க்கவேண்டியது என்பது அவர்கள் கொள்கை. பலமநேர் வழியாகச் சென்று, மொகிலிக் கணவாய் இறங்கி, சித்தூரைக் கடந்து, சந்திரகிரியை அடைவதற்கு ஆறு நாட்கள் ஆயினவாம். நூறு மைலுக்கு மேற்பட்ட நடை அது.

ஆனால் பாட்டனார் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த ஆறு நாள் கதையையன்று. பெருமாளைச் சேவித்த பின்னர், பங்குனிப் பௌர்ணமிக்குத் தும்புரு தீர்த்தம் சென்ற கதையையே சொல்வார். மலையடியூர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக முன்னே நடந்தாராம். அவர் விதித்த சட்டங்கள் நான்கு. வழிகாட்டிக்கு முன்னே எவரும் செல்லலாகாது. குடிக்கும் சுனைக்கு மேற்புறத்தில் எவரும் கால் நனைக்கலாகாது. கொண்டுவந்த உணவை எல்லோரும் சேர்ந்தே உண்ணவேண்டும். ஒருவர் களைத்தால் அனைவரும் உட்காரவேண்டும். அந்த நான்காம் சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் பாட்டனாரின் குரல் சற்றே மாறும். அன்று களைத்து உட்கார்ந்தவர் அவரேயாம்.

இனி, அந்த மலையின் வரலாற்றுக்கு வருவோம். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் வரையறுக்கிறது. பள்ளியில் படித்த எவரும் இதை அறிவர். அந்த எல்லைமலையைப் பாடிய ஆழ்வார்கள் அதன் நீரையும் மறவாமல் பாடினர் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. கோயிலை ஒட்டிய சுவாமி புஷ்கரிணிக்குத் தமிழில் கோனேரி என்று பெயர். குலசேகராழ்வார் அந்தக் கோனேரியில் ஒரு பறவையாகவோ, மலைச் சுனையில் ஒரு மீனாகவோ பிறந்தாலும் போதும் என்று வேண்டுகிறார். அதோடு நில்லாமல், மலைமேல் பாயும் காட்டாறாகவும், அடியார் நடக்கும் வழியாகவும் ஆக விரும்புகிறார். அதற்குப் பின்னரே கோயில் வாயிலில் படியாய்க் கிடக்கும் வேண்டுதல் வருகிறது. சந்நிதிப் படிக்குக் குலசேகரன் படி என்று பெயர் வந்ததை நாம் அறிவோம். ஆறாகவும் வழியாகவும் ஆக வேண்டிய அந்த முந்திய வேண்டுதல்களை எளிதில் கடந்துவிடுகிறோம்.

திருமலை ஏறத்தாழ 2,800 அடி உயரமே உள்ளது. இமயத்தோடு ஒப்பிட்டால் சிறு குன்றுதான். எனினும் அதன் அமைப்பு தனிச்சிறப்புடையது. இறுகிக் கெட்டிப்பட்ட மணற்பாறையால் ஆன மலை அது. பாறையில் செங்குத்தான வெடிப்புகள் மிகுதி. மழைநீர் அவ்வெடிப்புகளில் இறங்கி, நெடுநாள் தங்கி, பின்னர் வேறிடங்களில் சுனையாகக் கசிகிறது. ஓடைகள் அவ்வெடிப்புகளையே அறுத்துச் சென்று குறுகிய ஆழ்பள்ளங்களை உண்டாக்கியிருக்கின்றன. வெயிற்காலத்திலும் வற்றாத நீரைக் கண்ட முன்னோர், அவற்றுக்குக் கணக்கற்ற தீர்த்தங்கள் என்று பெருமை கூறினர். அவற்றுள் சுவாமி புஷ்கரிணி, ஆகாச கங்கை, பாபவிநாசம், பாண்டவ தீர்த்தம், குமாரதாரை, இராமகிருஷ்ண தீர்த்தம், தும்புரு தீர்த்தம் என்னும் ஏழும் முத்தி தருவன என்பது புராண மரபு. கோயிலின் அருகிலேயே இருப்பது புஷ்கரிணி; ஆகாச கங்கை சுமார் 3 கிலோமீட்டர்; பாபவிநாசம் 5 கிலோமீட்டர்; தும்புரு தீர்த்தமோ 16 கிலோமீட்டர் அளவில் அடர்ந்த காட்டுக்குள் இருக்கிறது. தன் கணவனாகிய தும்புருவின் சாபத்தால் தேரையாய் மாறிய கந்தருவப் பெண், அங்கே வந்த அகத்தியரால் விமோசனம் பெற்றாள் என்று கதை கூறுவர். தமிழ் முனிவர் அந்த நீர்க்கரையிலும் நம்மை விடவில்லை.

தூரத்து நீரைச் சுமந்துவந்த ஒருவரின் பெயர் இம்மலை வரலாற்றில் என்றும் அழியாது. இராமாநுசரின் தாய்மாமனும், அவருக்கு மலையடியில் ஓராண்டுக் காலம் இராமாயணப் பொருள் உரைத்த ஆசிரியருமான திருமலை நம்பியே அவர். பெருமாளின் திருமஞ்சனத்துக்காக அவர் நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து குடத்தில் நீர் சுமந்துவந்தார். முதுமை வந்தபின்பும் அக்கைங்கரியத்தை விடவில்லை. ஒருநாள் வழியில் வேடன் ஒருவன் “தாத்தா” என்றழைத்துத் தாகத்துக்கு நீர் கேட்டான். பெருமாளுக்குரிய நீர் என்று நம்பி மறுத்தார். வேடனோ பின்னாலே வந்து குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டான். மனம் கலங்கிய முதியவருக்கு முன்னே அவன் பாறையில் அம்பெய்தான். அங்கே புதுநீர் பெருகிற்று. அதுவே ஆகாச கங்கை என்றும், வந்தவன் வேங்கடவனே என்றும் வைணவ மரபு போற்றுகிறது. அதன் நினைவாக, அத்தியயன உற்சவம் முடிந்த மறுநாள் திருமலையில் தண்ணீரமுது உற்சவம் நடைபெறுகிறது. நம்பியின் வழித்தோன்றல்கள் ஆகாச கங்கையிலிருந்து இன்றும் தீர்த்தம் கொணர்கின்றனர்.

இக்கதையை நாம் ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கலாகாது. தொண்டரின் தளர்ச்சியைக் கண்டு தெய்வமே நீரை அருகில் கொண்டுவந்தது என்பது அதன் ஒரு பாதி. வழி சுருங்குவது குற்றமன்று என்று அது நமக்குச் சொல்கிறது. ஆனால் மறுபாதியும் உண்டு. நீண்ட வழியைப் பல்லாண்டு நடந்தவருக்கே வழி சுருங்கிற்று. நடையை நினைவூட்டும் உற்சவத்தையும் மரபு கூடவே வைத்தது.

இராமாநுசரின் ஆணையை ஏற்று மலைமேல் குடியேறிய அனந்தாழ்வானும் நீரோடு தொடர்புடையவரே. மலர் கைங்கரியத்துக்காக நந்தவனம் அமைத்த அவர், அதற்கு நீர் வேண்டி ஏரி வெட்டினார். அவர் பயன்படுத்தியதாகக் கூறப்படும் கடப்பாரையைக் கோயில் வாயிலில் இன்றும் காணலாம். விஜயநகரக் காலத்தில் இந்த நீர்ப்பணி மிகவும் விரிந்தது. திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுக்களைத் தேவஸ்தானம் 1931ஆம் ஆண்டு முதல் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. அன்பர்கள் கொடுத்த பொன்னைக் கொண்டு கோயில் கிராமங்களில் ஏரிகளும் கால்வாய்களும் வெட்டப்பட்டன என்றும், அவற்றால் கூடிய விளைச்சலிலிருந்து அன்பர் பெயரால் அமுதுபடி நடந்தது என்றும் அக்கல்வெட்டுக்கள் கூறுகின்றன. மலைமேல் இடப்பட்ட காணிக்கை மலையடியில் நீராக இறங்கி நெல்லாக விளைந்தது. பக்தியையும் வேளாண்மையையும் பிரித்தறியாத ஏற்பாடு அது.

மலையின் மொழி தமிழ் மட்டுமே என்று கூறுவதும் வரலாறாகாது. தாள்ளப்பாக்கத்தில் 1408ஆம் ஆண்டில் பிறந்த அன்னமாச்சாரியார், சிறுவராயிருந்தபோதே தனியே மலையேறி வந்தார். தம் வாழ்நாள் முழுவதும் தெலுங்கில் கீர்த்தனம் பாடினார். 18ஆம் நூற்றாண்டில் தரிகொண்டா என்னும் ஊரில் பிறந்த வெங்கமாம்பா, இளமையிலேயே கணவனை இழந்தும் ஊரார் விதித்த கைம்மைக் கோலத்தை ஏற்க மறுத்தவர். அவர் திருமலையில் குடியேறி, பின்னர் தும்புருக் கோணையில் ஆண்டுக்கணக்கில் தவமிருந்தார் என்பது மரபு. காட்டின் நடுவே, பாறைப் பிளவில், ஒரு பெண் தனித்திருந்து கவிதை நினைத்த இடம் அது. 1817ஆம் ஆண்டில் மறைந்த அவர் பெயரால் இரவு ஏகாந்த சேவையின்போது முத்து ஆரத்தி இன்றும் நடக்கிறது.

இனி, அந்த நடையின் காலத்தைக் கவனிப்போம். இத்தீர்த்தங்களுக்குச் செல்லும் நாளை முக்கோட்டி என்பர். இராமகிருஷ்ண தீர்த்தத்துக்குத் தைப் பௌர்ணமி. குமாரதாரைக்கு மாசிப் பௌர்ணமி. தும்புருவுக்குப் பங்குனிப் பௌர்ணமி. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம் என்று தமிழ்நாடு கொண்டாடும் அதே மூன்று நிறைமதிகள் அல்லவா இவை! இதில் வெறும் சோதிடம் மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலையை நிறைக்கும். தை பிறந்ததும் ஓடைகளின் வேகம் தணியும். ஆனால் சுனைகள் நிறைந்திருக்கும். கடுங்கோடையும் காட்டுத்தீயும் இன்னும் வந்திரா. இரவில் வழி தெரிய நிலவும் உண்டு. மூன்று மாதமும் மூன்று திசையில் சென்று காட்டை அறிந்துகொள்ள வகைசெய்த இந்நாட்காட்டியை வகுத்தவர்கள் மலையில் நடந்து பழகியவர்களாகவே இருக்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாட்டனார் மறைந்தபின் வந்த பங்குனிப் பௌர்ணமியன்று நாமும் தும்புரு தீர்த்தம் சென்றோம். பாபவிநாச அணை வரையில் வண்டி செல்கிறது, அங்கிருந்து நடை. தேவஸ்தானத்தார் பொங்கலும் உப்புமாவும் குடிநீரும் வழங்கினர். இருதய நோயுள்ளவர்களும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் போகவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டிருந்தனர். முதலில் மரநிழலில் ஏற்ற இறக்கமான வழி. பிறகு உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடைப் படுகை. ஓரிடத்தில் முழங்கால் நீரில் இறங்கிக் கடக்கவேண்டும். அங்கே தொண்டர்கள் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தனர். கடைசியில் மலையே இரண்டாகப் பிளந்தாற்போல் இருபுறமும் செந்நிறப் பாறை ஓங்கி நிற்கிறது. வானம் ஒரு கோடாகத் தெரிகிறது. அப்பிளவின் உள்ளே சென்றால் நீர் விழும் ஓசை முன்னதாகவும், நீர் பின்னதாகவும் வருகிறது.

எம்முடன் நடந்தவர்களில் தெலுங்கர், தமிழர், கன்னடியர் எல்லோரும் இருந்தனர்; ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். கயிற்றருகே வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டார். “நாயனா, நீங்கள் போங்கள்” என்று தெலுங்கில் கூறினார். யாரும் போகவில்லை. எவரும் சொல்லாமலே பின்னே வந்த பத்துப் பன்னிரண்டு பேரும் பாறைகளில் உட்கார்ந்தோம். சிறிது நேரத்துக்குப்பின் அவரே எழுந்து, “பதண்டி” என்றார். பாட்டனாரின் வழிகாட்டி விதித்த நான்காம் சட்டம், அவர் பெயரைக்கூட அறியாத மக்களிடையே, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நடைமுறையில் இருப்பதைக் கண்டோம். நூலில் எழுதாத சட்டத்தை வழி காத்துவைத்திருக்கிறது.

இந்த வழிகள் குறுகி வந்த வரலாற்றையும் சொல்லவேண்டும். 1843ஆம் ஆண்டு முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் நிருவகித்துவந்த திருமலை, 1933ஆம் ஆண்டில் தேவஸ்தானக் குழுவின் கைக்கு வந்தது. 1944ஆம் ஆண்டில் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் இரண்டாவது சாலை வந்தது. முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் பெருமாளைக் காண முடிந்தது இச்சாலைகளால்தான். அதை எவரும் குறைகூற முடியாது. பெருகிவரும் கூட்டத்துக்குக் குடிநீர் வேண்டியதாயிற்று. ஆகாச கங்கை, பாபவிநாசம், பாண்டவ தீர்த்தத்தை அடுத்த கோகர்ப்பம், குமாரதாரை, பசுப்புதாரை ஆகிய இடங்களில் அணைகள் எழுந்தன. இன்று பாபவிநாசத்தில் யாத்திரிகர் நீராடுவது அணைச்சுவரில் பதித்த குழாய்களின் கீழேதான். நம்பி நம்மைக் கண்டால் வருந்துவாரோ, வியப்பாரோ அறியோம். மலையில் தங்கும் அனைவருக்கும் ஒரு குவளை நீர் கிடைப்பதைக் கண்டு மகிழ்வார் என்றே கருதுகிறோம்.

காட்டுக்கும் காவல் வந்தது. 1989ஆம் ஆண்டில் வேங்கடேசுவரா தேசியப் பூங்காவும், 2010ஆம் ஆண்டில் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. செஞ்சந்தன மரம் இயற்கையாக வளரும் மிகச் சில இடங்களுள் ஒன்று இது. விலங்குகளின் வீடும் இதுவே. 2023ஆம் ஆண்டில் அலிபிரி நடைவழியில் சிறுத்தை தாக்கி ஒரு குழந்தை உயிரிழந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனவே நினைத்த நாளில், நினைத்த கூட்டமாக இத்தீர்த்தங்களுக்குச் செல்ல இயலாது. முக்கோட்டி நாட்களில், வகுத்த நேரத்தில், காவலோடும் தொண்டர் துணையோடும் மட்டுமே செல்லலாம். இக்கட்டுப்பாடுகள் நியாயமானவை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் கதவு, தட்டுவாரில்லை என்றால் மெல்ல மெல்ல மூடியே போய்விடும். அதுவே நம் கவலை.

எல்லைகளும் மாறின. 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது வேங்கடமும் குடுபல்லியும் அங்கே சென்றன. வடவெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960ஆம் ஆண்டில் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 2022ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டமும் பிரிந்தது. திருமலை புதிய திருப்பதி மாவட்டத்தில் அமைய, குடுபல்லி சித்தூரிலேயே நின்றது. எம் தாயார் வீட்டார் இடம்பெயராமலே வெவ்வேறு மாவட்டங்களிலும் மாநிலங்களிலும் வாழ்ந்துவிட்டனர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எல்லை எங்கே இருந்தாலும், தைப் பௌர்ணமியும் பங்குனிப் பௌர்ணமியும் இரு புறத்துக்கும் ஒரே இரவில்தான் வருகின்றன.

தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளுக்குத் திருப்பதி என்றால் இலட்டும், வரிசையும், கணநேரத் தரிசனமும்தான். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில் ஒருநாள் ஒதுக்கிச் சேவித்துத் திரும்புகிறோம். அதில் பிழையில்லை. ஆயினும் உடல்வலிமையுள்ள வயதில் ஒருமுறையேனும், ஒரு நிறைமதி நாளில், அவர்களை அக்காட்டு வழியில் அழைத்துச் செல்லவேண்டும். நெகிழிப் பையின்றி, ஆரவாரமின்றி, வழிகாட்டுவோர் சொற்கேட்டு நடக்கப் பழக்கவேண்டும். கல்வெட்டில் தமிழ் இருப்பதை நூல் சொல்லும். கூடவந்தவர் களைத்தால் தாமும் உட்காரவேண்டும் என்பதைக் காலால் நடந்தே கற்கமுடியும்.

தும்புருவிலிருந்து நாம் ஒரு செம்பில் நீர் கொண்டுவந்தோம். குடுபல்லிக்கு வந்து சேர்ந்தபோது அதில் பாதிதான் எஞ்சியிருந்தது. வழியில் சிந்தியது போக, கேட்டவர்களுக்கும் கொடுத்திருந்தோம். எம் தாயார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “உன் தாத்தாவும் இவ்வளவுதான் கொண்டுவந்தாராம்” என்றார். வடநாட்டு நண்பருக்கு நாம் சொல்லவேண்டிய விடையும் ஏறத்தாழ அவ்வளவே. எங்கள் மலை உயரமானதன்று. எங்கள் சுனை பெரியதன்று. ஆயின் அங்கே செல்லும் வழி ஆயிரம் ஆண்டு நடந்த வழி. அதில் நடக்க இன்னும் ஆட்கள் வேண்டியிருக்கிறது.